கேக் படித்த றேடியோக்காரர்

போன கிழமை எங்கள் வீட்டு வோஷிங் மெஷின் திடீரென்று நின்றுவிட்டது.

திருத்துவதற்கு ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றியவர் மெஷின் எங்கே என்று கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஓர் அட்டையை எடுத்து என் முன்னால் நீட்டினார். அரசாங்கத்தின் தொழில் தகைமைச் சான்றிதழாம்.

"வாசிச்சுப் பாருங்கோ ஐயா. இப்ப இது இல்லாமல் ஒருத்தரும் வீட்டுக்குள்ளை விடுகினமில்லை" என்றார்.

நான் வாசித்தேன். முன்பக்கம் வாசித்தேன், பின்பக்கம் வாசித்தேன், கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு அடியில் இருந்த சின்ன எழுத்தையும் வாசித்தேன். சலவை இயந்திரம் என்று சரியாகத்தான் போட்டிருந்தது. ஊத்தை உடுப்பு வாளியோடு பின்னால் நின்ற என் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. மனுஷனை வேலை செய்ய விடச் சொன்னாள்.

சான்றிதழின் சின்ன எழுத்தைத் தேடி வாசிக்கிற வியாதி எனக்கு எங்கே தொற்றியது? அதைச் சொல்லத்தான் இந்தக் கிழமை உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

யுத்தகாலம் அது. திருகோணமலையில், ஓர்ஸ் ஹில்லில் ஒரு சின்ன அரசாங்கக் கந்தோரில் எனக்கு வேலை. வளர்ந்தோர் கல்விப் பிரிவு. எழுத வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்குக் கையெழுத்துப் போடப் பழக்குவது எங்கள் தொழில். வகுப்புத் தொடங்கும், ஊரடங்கு வரும், நிற்கும். மறுபடி தொடங்கும். 'அ' எழுதப் பழகிய ஒருவர் 'ஆ'வுக்கு வந்து சேர்வதற்குள் ஊரில் என்னென்னவோ நடந்து முடிந்திருக்கும்.

ஒரு நாள் கொழும்பிலிருந்து சுற்றுநிருபம் வந்தது. வளர்ந்தோர் கல்வி சீர்திருத்தப்பட்டுவிட்டதாம்!

சீர்திருத்தம் என்றால் முதலில் என்ன மாறும்? பெயர்ப்பலகை மாறும். மாறியது. வளர்ந்தோர் கல்வி, தொழிற்திறன் விருத்தி மற்றும் தொழிலாளர் மேம்பாட்டுப் பிரிவு... பலகை எங்கள் கந்தோரை விட நீளம். ஒரு முனை பக்கத்துக் கந்தோரின் ஜன்னலுக்குக் குறுக்கே போய் நின்றது. காற்று வரவில்லை என்று அவர்கள் எங்களுக்கு முறைப்பாடு எழுதினார்கள். பலகைக்குப் பின்னால் அதே கதிரை, அதே அலுமாரி, அதே நான்.

சுற்றுநிருபம் இரண்டு விஷயம் சொன்னது. தொழில் தெரிந்தும் கையில் பத்திரம் இல்லாத தொழிலாளர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி கொடுத்து, பரீட்சை வைத்து, சான்றிதழ் வழங்க வேண்டும். நல்ல விஷயம்தானே? அடுத்தது – எந்த வகுப்பிலும் ஆணும் இருக்க வேண்டும், பெண்ணும் இருக்க வேண்டும். ஆண்கள் மட்டுமோ பெண்கள் மட்டுமோ உள்ள வகுப்பைத் தொடங்கவே கூடாது. அதுவும் நல்ல விஷயம்தான்.

இரண்டு நல்ல விஷயங்கள் ஒரே காகிதத்தில் ஏறித் திருகோணமலைக்கு வந்து இறங்கினால் என்ன நடக்கும் என்பது, பாவம், அதை எழுதியவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

மேசன் வகுப்புக்குப் பெண் தேடி நான் அலைந்தது ஒரு கதை. ஒரு வீட்டில் பெண் பார்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்துத் தேத்தண்ணி தந்தார்கள். அது இருக்கட்டும். இன்றைக்குச் சற்குணம் அண்ணையின் கதை.

சற்குணம் அண்ணைக்கு லிங்கநகரில் வீடு. தொழில் றேடியோ திருத்துவது. கடை கிடையாது. சைக்கிள்தான் கடை. வீடு வீடாகப் போவார். விறாந்தையில் ஒரு சாக்கை விரித்து, றேடியோவைக் குடல் குடலாக வெளியே எடுத்துப் போடுவார். வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கொஞ்ச நேரத்தில் குடலெல்லாம் உள்ளே போய்ப் பாட்டு வரும்.

அந்த நாட்களில் றேடியோ இல்லாமல் ஒரு வீடு எப்படி நடக்கும்? எந்தப் பாதை பூட்டு, ஊரடங்கு எப்போது, எங்கே என்ன வெடித்தது – எல்லாவற்றையும் அந்தப் பெட்டிதான் சொல்ல வேண்டும். ஒரு நேரம் சோறில்லாமல் இருந்துவிடலாம். செய்தி இல்லாமல் இருக்க ஏலாது. அதனால் சற்குணம் அண்ணைக்கு வேலைக்குக் குறைவில்லை.

குறை இருந்தது அவருடைய பையில்.

உள்ளே என்ன இருக்கும்? வயர். பற்றறி. குறடு. சோல்டரிங் அயன். கழற்றிய றேடியோக்களின் உதிரிகள். சென்றியில், அதாவது சோதனைச் சாவடியில், நிற்கிற ஆமிக்காரர் அந்தப் பையைத் திறந்து பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கண்ணுக்கு அது றேடியோ மாதிரியா தெரியும்?

பல நாட்கள் அவரை மண்மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்த்தி வைப்பார்கள். தெரிந்த முகம் ஏதாவது அந்த வழியாக வந்து, இவர் றேடியோக்காரர்தான் என்று சொன்னால் விடுவார்கள். தெரிந்த முகத்துக்கும் அப்படிச் சொல்ல ஒரு துணிவு வேண்டும். சில நாட்களில் தெரிந்த முகங்கள் கடலைப் பார்த்தபடி போய்விடும்.

ஒரு நாள் ஒரு முகமும் வரவில்லை. இராணுவ முகாமுக்குக் கொண்டு போய்விட்டார்கள்.

அவருடைய மனைவி மனோன்மணி அக்கா கிராமசேவகரிடம் ஓடினார், கோயில் தர்மகர்த்தாவிடம் ஓடினார், சிங்களம் தெரிந்தவர் என்று என்னிடமும் ஓடி வந்தார். முகாமுக்குள் போனவர்கள் எல்லோரும் வெளியே வந்த காலம் அல்ல அது. சற்குணம் அண்ணை மறுநாள் வெளியே வந்தார். உள்ளே என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. அதற்குப் பிறகு கொஞ்ச நாள் யாராவது கதைத்தால் இடது காதைத் திருப்பிக் காட்டித்தான் கேட்டார். நானும் ஏன் என்று கேட்கவில்லை.

வெளியே விடும்போது, சென்றிக்குப் பொறுப்பான சார்ஜன்ட் அவரிடம் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார். றேடியோக்காரன் என்றால் அரசாங்கச் சான்றிதழ் ஒன்று கொண்டு வா. அடுத்த முறை அதுவும் இல்லாமல் வந்தால் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது.

அப்படித்தான் சற்குணம் அண்ணை எங்கள் நீளமான பலகைக்குக் கீழே வந்து நின்றார்.

எனக்குச் சந்தோஷம். சீர்திருத்தம் இவருக்காகவே செய்ததுதானே? தொழில் இருக்கிறது, பத்திரம் இல்லை. எங்கள் பட்டியலிலும் றேடியோ திருத்தும் பயிற்சி முதல் வரியிலேயே இருந்தது. ஆனால் அது நடக்கவில்லை. ஏன்? பயிற்சிக்கு வயர் வேண்டும், பற்றறி வேண்டும். அவற்றைக் கொண்டு வரப் பாதுகாப்பு அனுமதி வேண்டும். எங்கள் பணிப்பாளர் அனுமதி கேட்டு எழுதினார். பதில் வந்தது. வயரைத் தொடப்போகிறவர்கள் முறையாகப் பயிற்சி பெற்றவர்கள்தான் என்பதற்கு அவர்களுடைய சான்றிதழ்களை முதலில் அனுப்பி வையுங்கள்.

பணிப்பாளர் அந்தப் பதிலை வாசித்துவிட்டுச் சிறிது நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மின்சாரம் இல்லை. அதுவும் நின்றுதான் இருந்தது.

இதை நான் சற்குணம் அண்ணைக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தபோதுதான் டொரத்தி மிஸ் உள்ளே வந்தார். பறங்கிச் சமூகத்துப் பெண்மணி. திருகோணமலையில் கிறிஸ்மஸ் கேக் என்றால் அவர்தான். கேக் வகுப்புக்கு அவரைத்தான் ஆசிரியையாகப் போட்டிருந்தோம். மண்டபம் சரி, மா சரி, சீனி சரி, பெண்கள் நிறையப் பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். வகுப்பு மட்டும் தொடங்கவில்லை.

ஒரு ஆண் இல்லை!

"கேக் அடிக்க ஒரு ஆம்பிளை தா மென். நான் எத்தனை நாள் முட்டையை வச்சுக்கொண்டு இருக்கிறது?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். யாரையும் 'மென்' என்று அழைப்பது அவர்கள் வழக்கம்.

கடவுள் சாட்சியாக, நான் வாய் திறக்கவில்லை. சற்குணம் அண்ணைதான் டொரத்தி மிஸ்ஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"தம்பி, உந்தக் கேக் வகுப்பு முடியத் தாற சான்றிதழிலை சிங்கம் இருக்குமோ?"

இருக்கும் என்றேன். எல்லாப் பயிற்சிக்கும் ஒரே சான்றிதழ்தான். மேலே பெரிதாகச் சிங்கம் போட்ட அரசாங்க இலச்சினை. மூன்று மொழியிலும் அழகான எழுத்து. என்ன தொழில் என்பது மட்டும் அடியில் ஒரு வரி.

"அப்ப அது காணும், வேறை ஒண்டும் வேண்டாம். சென்றியிலை அவங்கள் சிங்கத்தைத்தான் பாப்பாங்கள். அடியிலை கிடக்கிற சின்ன எழுத்தை ஆர் வாசிக்கிறது?"

மறுநாள் வகுப்புத் தொடங்கியது.

கேக் வகுப்பிலும் யுத்தம் இருந்தது. ஐசிங் சீனிப் பொதியைச் சென்றியில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். வெள்ளைத் தூள் அல்லவா? டொரத்தி மிஸ் நேரே போனார். கைப்பையிலிருந்து கரண்டியை எடுத்து, அந்தத் தூளில் அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, ஆமிக்காரருக்கு எதிரே இடுப்பில் கைவைத்தபடி நின்றார். அவர் வெடிக்கவில்லை என்று உறுதியான பிறகு பொதியைக் கொடுத்தார்கள்.

மின்சாரம் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. ஆகவே மண்ணெண்ணெய் அடுப்புக்கு மேலே பெரிய பிஸ்கட் தகரத்தைக் கவிழ்த்து ஓவன் செய்திருந்தார்கள். சற்குணம் அண்ணைக்கு அதில் பெரிய சந்தேகம். இதன் சூடு எவ்வளவு, எப்படி அளப்பது, கூட்டிக் குறைக்கிற திருகி எங்கே என்று கேட்டபடி இருந்தார். கையை உள்ளே விட்டுப் பார், பொறுக்க ஏலாவிட்டால் கேக்குக்குச் சரி என்று டொரத்தி மிஸ் சொன்னார்.

அவர் திறமையானவராக வந்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். உண்மை அப்படியில்லை. அவருடைய முதல் கேக் எழும்பவில்லை. இரண்டாவதும் எழும்பவில்லை. மூன்றாவது எழும்பியது, ஒரு பக்கம் மட்டும். கேக் வேகும்போது தகரத்தைத் திறக்காதே என்றால் கேட்க மாட்டார். றேடியோ என்றால் திறந்து பார்த்துத்தானே பழக்கம்? உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் அவரால் இருக்க முடியவில்லை. வகுப்பில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முகாமிலிருந்து வந்த பிறகு அவர் இருக்கிற இடத்தில் யாரும் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அதனால் அது எனக்குப் பிடித்திருந்தது.

வெளியில் மட்டும் யாருக்கும் சொல்லவில்லை. றேடியோப் படிப்புக்குப் போகிறேன் என்று ஊருக்குச் சொன்னார். வீட்டிலும் அதையே சொன்னார்.

ஒரு மத்தியானம் மனோன்மணி அக்கா என் மேசைக்கு முன்னால் வந்து கதிரையில் உட்கார்ந்தார். முகம் நன்றாக இல்லை. கையில் அண்ணையின் சேர்ட் ஒன்று. அதை மேசையில் வைத்தார்.

"தம்பி, நீங்கள் படிச்ச ஆள். எனக்கு ஒரு உண்மை சொல்லுங்கோ. றேடியோவிலை வனிலா மணக்குமோ?"

சேர்ட்டை முகர்ந்து பார்த்தேன். வனிலா மட்டும் அல்ல, பட்டரும் ஏலக்காயும் மணந்தன.

கொஞ்ச நாளாக இந்த மணம் வருகிறது, அந்த மண்டபத்துக்குள் பெண்களாகப் போய் வருகிறார்கள் என்று சனம் கதைக்கிறது, கேட்டால் அவர் றேடியோ என்கிறார் என்று அக்கா சொன்னார். முகாமிலிருந்து உயிரோடு திரும்பிய மனுஷன், இப்போது இப்படியா என்று கேட்டார். நான் எழுந்து, கந்தோருக்குப் பின்னால் இருந்த மண்டபத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

சற்குணம் அண்ணை பூப்போட்ட ஏப்ரன் கட்டியிருந்தார். மடியில் ஒரு பெரிய கோப்பை. முட்டை அடித்துக்கொண்டிருந்தார். மூக்கில் மா.

மனோன்மணி அக்கா வாசலில் அப்படியே நின்றார். அண்ணையின் கை நின்றது. வகுப்பே நின்றது. டொரத்தி மிஸ் மட்டும், முட்டையை நிறுத்தாதே, நுரை இறங்கும் என்று அதட்டினார். அண்ணை மனைவியைப் பார்த்தபடியே மறுபடி அடிக்கத் தொடங்கினார்.

அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார், கலியாணம் முடித்த நாளிலிருந்து இந்த மனுஷன் குசினிக்குள் சுடுதண்ணி வைத்தது கூட இல்லை என்று. பிறகு எழுந்து போய், கோப்பையை இப்படிச் சரித்துப் பிடித்தால் கை நோகாது என்று காட்டிக் கொடுத்தார். அன்றிலிருந்து பெயர் கொடுக்காத மாணவியாக அவரும் தினமும் வந்தார்.

பரீட்சை நடந்தது. கொழும்பிலிருந்து பரீட்சகர் வந்தார். பஸ் பயணத்தில் சோதனைக்கு மேல் சோதனையாக இறங்கி ஏறிக் களைத்துப்போய், பசியோடு வந்து சேர்ந்தார். அது எங்களுக்கு நல்லதாகப் போயிற்று. எல்லாக் கேக்கையும் நன்றாகச் சாப்பிட்டார். எல்லோரும் பாஸ்!

சான்றிதழ் வந்தது. மேலே சிங்கம் இருந்தது. சற்குணம் அண்ணை அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, பைக்குள் எல்லாவற்றுக்கும் மேலே வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

நேரே சென்றிக்குப் போனார். அவரே போய் நின்றார் என்றுதான் சொல்ல வேண்டும். அதே சார்ஜன்ட். சான்றிதழைக் கண்டதும் சார்ஜன்டுக்கும் மகிழ்ச்சி; தன் சொல்லைக் கேட்ட மனுஷன் அல்லவா? வாங்கிப் பார்த்தார். சிங்கத்தைப் பார்த்தார். பெயரை வாசித்தார். அடையாள அட்டையோடு ஒத்துப் பார்த்தார்.

பிறகு, அந்தப் பாழாய்ப் போன மனிதர், அடியில் இருந்த சின்ன எழுத்தையும் வாசித்தார்.

கேக் மற்றும் இனிப்புப் பண்டத் தயாரிப்பு.

சார்ஜன்டின் முகம் மாறியது. நீ கேக் செய்கிறவனா என்று கேட்டார். அண்ணைக்கு வேறு வழியில்லை. ஓம் என்றார். அப்படியானால் பைக்குள் இந்த வயரும் பற்றறியும் எதற்கு?

யோசித்துப் பாருங்கள். இதுவரை அவர் றேடியோக்காரர் என்பதற்கு ஆதாரம் இல்லை. அவ்வளவுதான். இப்போது அவர் றேடியோக்காரர் இல்லை என்பதற்கு அரசாங்கமே ஆதாரம் கொடுத்திருந்தது!

மறுபடியும் முகாம்.

மனோன்மணி அக்கா கந்தோருக்கு ஓடி வந்து விஷயத்தைச் சொன்னார். சுற்றுநிருபத்தை எடுத்துக்கொண்டேன். பணிப்பாளர் வர மாட்டேன் என்றார். ஆனால் கந்தோர் முத்திரையைத் தந்தார். எதற்கென்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வாங்கிப் பொக்கற்றில் போட்டுக்கொண்டேன். மனோன்மணி அக்காவும் நானும் முகாம் வாசலில் போய் நின்றோம்.

அக்காவை வாசலில் இருத்திவிட்டு என்னை உள்ளே விட்டார்கள். மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி. இளம் வயது. பக்கத்தில் அந்தச் சார்ஜன்ட். மேசைக்கு மேலே அண்ணையின் பையைக் கொட்டி வைத்திருந்தார்கள். மூலையில் சற்குணம் அண்ணை நிலத்தில் குந்தியிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

எனக்குத் தெரிந்த கந்தோர்ச் சிங்களத்தில் நான் சொல்லத் தொடங்கினேன். இவர் உண்மையில் றேடியோக்காரர். றேடியோ வகுப்புக்கு வயர் வேண்டும். வயருக்கு அனுமதி வேண்டும். அனுமதிக்குச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு வகுப்பு வேண்டும். கேக் வகுப்பில் ஆண் இல்லை. ஆண் இல்லாமல் வகுப்புத் தொடங்கக் கூடாது. ஆகவே...

ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் சேர்த்துக் கேட்டால், அதைப் போல அப்பட்டமான பொய்யை என் வாழ்நாளில் நான் சொன்னதில்லை.

அதிகாரி எழுந்து போய் ஒரு றேடியோவைக் கொண்டு வந்தார். வேலை செய்யவில்லை, இதைத் திருத்திக் காட்டச் சொல் என்றார்.

திருத்தினால் போயிற்றே என்று எனக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. சற்குணம் அண்ணை மேசைக்கு வந்தார். றேடியோவைத் தொடவில்லை. அப்போதுதான் எனக்கும் விளங்கியது. திருத்தினால் கேக் சான்றிதழ் பொய். அரசாங்கப் பத்திரத்தைப் பொய்யாக வைத்திருந்த குற்றம். திருத்தாவிட்டால் வயர் பொய். அதற்கு என்ன குற்றம் என்று நான் எழுதத் தேவையில்லை. அந்தச் சின்ன றேடியோவின் இரண்டு பக்கமும் கிணறு.

அண்ணை அதிகாரியைப் பார்த்துத் தமிழில் கதைத்தார். மெதுவாக, நான் மொழிபெயர்க்க இடம் விட்டு விட்டு.

"சேர், நான் றேடியோ திருத்துறவன். வேறை தொழில் எனக்குத் தெரியாது. நீங்கள் சிங்கம் போட்ட கடுதாசி கேட்டியள். றேடியோவுக்குச் சிங்கம் தர ஆளில்லை, கேக்குக்குத் தந்தாங்கள். போய் வாங்கினனான். என்ரை உயிருக்காகத்தான் நான் முட்டை அடிச்சனான், சேர்."

கடைசி வாக்கியத்தைச் சிங்களத்தில் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

அதிகாரி என் கையிலிருந்த சுற்றுநிருபத்தைக் கேட்டார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தார். ஆணும் பெண்ணும் இருக்க வேண்டும் என்ற இடத்தை இரண்டாம் முறையும் வாசித்தார். இதை எழுதியது யார் என்று கேட்டார். கொழும்பு என்றேன்.

அவர் காகிதத்தை மடித்து என்னிடம் திருப்பித் தந்தார்.

"எங்களுக்கும் அங்கிருந்துதான் வருகிறது" என்றார்.

சார்ஜன்ட் தொண்டையைச் செருமினார். தன்னிடமும் ஊரில் இதே மாதிரிச் சிங்கம் போட்ட சான்றிதழ் ஒன்று இருக்கிறது என்றார். தச்சுத் தொழிலுக்கு. வேலை கிடைக்கவில்லை, பட்டாளத்துக்கு வந்துவிட்டேன் என்றார். யாரும் கேட்காமலே சொன்னார். சொன்னதும் வெட்கப்பட்டவர் போல மறுபடி விறைப்பாக நின்றுகொண்டார்.

அதற்குப் பிறகுதான் சற்குணம் அண்ணை அந்த றேடியோவைத் திறந்தார். அதே மேசையில், தன் சொந்த வயரால் திருத்தினார். கிரிக்கெட் வர்ணனை வந்தது. யாருக்கு எதிரான ஆட்டமோ எனக்கு ஞாபகமில்லை. அதிகாரியும் சார்ஜன்டும் கொஞ்ச நேரம் ஸ்கோர் கேட்டார்கள். நானும் கேட்டேன். அண்ணை மட்டும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

போகலாம் என்றார்கள். ஒரு நிபந்தனை. இனி இந்தப் பையைச் சைக்கிளில் கொண்டு திரியக் கூடாது. றேடியோ உன்னிடம் வரட்டும், நீ றேடியோவிடம் போகாதே.

வாசலுக்கு வந்தோம். மனோன்மணி அக்கா அவரைக் கண்டதும் எழுந்து ஓடி வந்தார். அவர் சேர்ட்டின் தோள்பட்டையைத் தடவி, தூசு இல்லாத இடத்தில் தூசு தட்டினார். மூன்று பேரும் லிங்கநகர் வரை நடந்தோம். என் பொக்கற்றில் கந்தோர் முத்திரை கனத்தது. அதை ஒரு இடத்திலும் குத்தவில்லை.

பிறகு என்ன நடந்தது என்கிறீர்களா? சைக்கிள் இல்லாமல் றேடியோத் தொழில் படுத்துவிடும் என்று அண்ணை பயந்தார். படுக்கவில்லை. சனம் றேடியோவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தது. வந்தவர்கள் திருத்தி முடியும் வரை விறாந்தையில் காத்திருந்தார்கள். காத்திருப்பவர்களுக்கு அக்கா தேத்தண்ணி கொடுத்தார். தேத்தண்ணியோடு ஒரு துண்டு கேக். இனாமாகக் கொடுத்தது கொஞ்ச நாளில் காசுக்கு ஓடராக வரத் தொடங்கியது. டொரத்தி மிஸ்ஸின் வகுப்பில் பெயர் கொடுக்காமல் படித்தவர்தான் உண்மையில் படித்திருந்தார். அக்காவின் கேக் எழும்பியது.

வெளியிலிருந்து வந்த முதல் ஓடர் யாருடையது? அந்தச் சார்ஜன்டுடையது. ஊரில் இருக்கும் மகளுக்குப் பிறந்தநாளாம். விடுமுறையில் போகும் ஓர் ஆமிக்காரரிடம் கொடுத்தனுப்ப வேண்டும். அக்கா வேண்டாம் என்றார். அண்ணை யோசித்துவிட்டு, பிள்ளைக்குத்தானே என்றார். மூன்று நிறத்தில் ஐசிங் போட்டுக் கொடுத்தார்கள்.

கேக் முழுசாகத் திருகோணமலையைத் தாண்டவில்லை. அடுத்த சோதனைச் சாவடியில், அவர்களுடைய ஆட்களே, உள்ளே என்ன இருக்கிறதோ என்று நீளமான இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்திருக்கிறார்கள். அதற்கடுத்த சாவடியிலும் குத்து. பிள்ளையின் கைக்குப் போய்ச் சேர்ந்தபோது அது கேக்காக இல்லை, மா அரிக்கிற அரிதட்டாக இருந்தது.

சார்ஜன்ட் லிங்கநகருக்கு வந்து முறையிட்டார். எங்கள் கேக்கை எங்கள் ஆட்களே குத்துகிறார்கள் என்று! அண்ணைக்கு அவரிடம் சொல்ல எவ்வளவோ இருந்திருக்கும். சொல்லவில்லை. ஒரு பென்சிலை எடுத்துப் படம் கீறினார்.

அடுத்த கேக்கிலிருந்து நடுவில் ஓர் இடத்தை ஐசிங் பூசாமல் விட்டார்கள். சுற்றிவர ஒரு வட்டம். கம்பியை அங்கே மட்டும் விடுங்கள் என்று அர்த்தம். ஐசிங்கில் செய்த பெரிய ரோசாப்பூ ஒன்றைத் தனியாகச் சின்ன டப்பாவில் வைத்துக் கொடுப்பார்கள். கடைசிச் சாவடி தாண்டியதும் அந்தப் பூவை ஓட்டைக்கு மேலே வைத்துவிட வேண்டியது. ஆமிக்காரர்களுக்கும் அது வசதியாகிவிட்டது. எங்கே குத்துவது என்று யோசிக்கத் தேவையில்லையே! கலியாணக் கேக், பிறந்தநாள் கேக், சாமத்தியக் கேக் எல்லாம் அப்படியே சாவடிகளைத் தாண்டின. மற்றக் கேக்குக்காரர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

சற்குணம் அண்ணை சில வருடங்களுக்கு முன்னால் காலமானார். வயது போய், தன் சொந்தக் கட்டிலில், மனைவி பக்கத்தில் இருக்க. அந்தத் தலைமுறையில், அந்த ஊரில், அது சின்னச் சாதனை அல்ல.

போன வருடம் திருகோணமலையில் ஒரு கலியாணம். மேசையில் பெரிய கேக். நடுவில், வேறு எந்த அலங்காரத்தோடும் பொருந்தாமல், ஒரு பெரிய ரோசாப்பூ. கேக் செய்த பெண்ணிடம் ஏன் இது என்று கேட்டேன். யுத்தம் முடிந்தபோது நடக்கப் பழகிக்கொண்டிருந்த வயது அவளுக்கு. எங்கள் ஊர் கேக் என்றால் அப்படித்தான் ஐயா, அதுதான் முறை என்றாள்.

யாரும் பார்க்காத நேரம் பூவை மெல்லத் தூக்கிப் பார்த்தேன். அடியில் ஐசிங் பூசாத அதே வட்டம், நடுவில் ஓட்டை. யுத்தம் முடிந்துவிட்டது என்று அந்தக் கேக்குக்கு இன்னும் ஒருவரும் சொல்லவில்லை!